கிண்ட்லிங்: வலிப்பு வலிப்பை வளர்க்கிறதா?

கிண்ட்லிங் என்பது ஆய்வக விலங்குகளில் வலிப்பு நோயை உருவாக்கும் ஒரு முறை. விலங்கின் மூளையில் ஒரு நுண்மின்முனையைப் பொருத்தி, வலிப்பை உண்டாக்கப் போதாத அளவு சிறிய மின்தூண்டலை நாள்தோறும் கொடுத்துவருவார்கள். முதல் சில நாட்கள் விலங்கிடம் எந்த மாற்றமும் தெரியாது. பிறகு முகத்தசை துடிக்கும், தலை ஆடும், முன்னங்கால் உதறும். சில வாரங்களில், முதல் நாள் ஒன்றும் செய்யாத அதே அளவு மின்சாரம் விலங்கை வலிப்பில் தள்ளிவிடும். தூண்டலைப் பல வாரங்கள் நிறுத்திவிட்டு மீண்டும் கொடுத்தாலும் இந்த இயல்பு பெரும்பாலும் மாறுவதில்லை. மூளையின் ஏற்பிகளிலும் நரம்பிணைப்புகளிலும் ஏற்படும் நெடுங்கால மாற்றங்களை ஆராய இம்முறை அரை நூற்றாண்டுக்கு மேலாகப் பயன்பட்டுவருகிறது.

இந்த ஆய்வுகளின் முடிவுகள் ஆய்வகத்தோடு நிற்கவில்லை. "ஒவ்வொரு வலிப்பும் அடுத்த வலிப்புக்கு வழி போடுகிறது" என்ற கருத்தாக அவை மருத்துவப் பாடங்களுக்குள் நுழைந்தன. அங்கிருந்து "இத்தனை வருஷம் விட்டுட்டீங்க, மூளை பழகிப்போச்சு, இனி மாத்திரைக்குக் கேட்காது" என்ற பேச்சாக நோயாளியின் வீடு வரை வந்துவிட்டன. விருதுநகர் மாவட்டத்தின் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டங்கள் போன்ற மானாவாரி நிலப்பகுதிகளில் இந்தப் பேச்சுக்கு ஒரு விலை உண்டு. அங்கு வலிப்பு வந்தவருக்கு முதலில் கையில் இரும்புச் சாவி கொடுக்கப்படுகிறது. பிறகு கோயிலுக்கோ தர்காவுக்கோ நேர்ச்சை. மருத்துவரிடம் போவதற்குள் ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன. அப்படித் தாமதமாக வருகிறவரிடம் "காலம் கடந்துவிட்டது" என்று சொன்னால் அவர் மாத்திரையைத் தொடரமாட்டார். ஆகவே எலியிடம் கண்டது மனிதருக்கு எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதைப் பிரித்துப் பார்க்கவேண்டியிருக்கிறது.

தோற்றமும் பெயரும்

கிரஹாம் கோடார்டு என்ற உளவியலாளர் எலிகளின் கற்றல் திறனை ஆராய்ந்துகொண்டிருந்தார். அமிக்டலா என்னும் மூளைப்பகுதியைத் தினமும் தூண்டியபோது, சில எலிகளுக்கு நாளடைவில் வலிப்பு வரத் தொடங்கியதைக் கவனித்தார். 1967-இல் நேச்சர் இதழில் இதை முதலில் வெளியிட்டார். 1969-இல் மெக்கின்டயர், லீச் ஆகியோருடன் சேர்ந்து விரிவாக எழுதினார். 1972-இல் ரொனால்டு ரேசின் இந்த வலிப்பின் வளர்ச்சியை ஐந்து படிநிலைகளாகப் பிரித்தார். இன்றும் ஆய்வகங்கள் அந்த அளவுகோலையே பயன்படுத்துகின்றன.

கிண்ட்லிங் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு சுள்ளி வைத்து நெருப்பு மூட்டுவது என்று பொருள். பெயர் அழகானது; ஆனால் ஆய்வின் உள்ளடக்கத்தைவிட அதிகமாகச் சொல்லிவிடுகிறது. சுள்ளி ஒவ்வொன்றும் நெருப்புக்குத் தீனி என்பதுபோல, வலிப்பு ஒவ்வொன்றும் நோய்க்குத் தீனி என்ற படம் மனதில் பதிகிறது. கோடார்டின் சோதனையில் தீனியாக இருந்தது வெளியிலிருந்து கொடுத்த மின்சாரம். அது மூளையில் கிளப்பிய பின்மின்னலைகள்தான் மாற்றத்தை உண்டாக்கின. எலி தானாக வலிப்பு கண்டு, அந்த வலிப்பால் மேலும் கெட்டது என்று அந்தச் சோதனை காட்டவில்லை. வழக்கமான அளவில் கிண்ட்லிங் செய்த எலிக்குத் தூண்டல் இல்லாமல் வலிப்பு வருவது அரிது. தானாக வலிப்பு வர நூற்றுக்கணக்கான தூண்டல்கள் தேவைப்பட்டதை 1978-இல் பைனலும் ரோவ்னரும் காட்டினார்கள். மனிதரின் வலிப்பு நோய்க்கு இலக்கணமே தூண்டலின்றித் தானாக வருவதுதான். இந்த முதல் வேறுபாடு பல பாடநூல்களில் ஒரு வரியில் கடந்துபோகப்படுகிறது.

வலிப்பு வலிப்பைப் பெருக்கும் என்ற எண்ணம் கோடார்டுக்கு முன்பே இருந்தது. 1881-இல் வில்லியம் கவர்ஸ் என்ற ஆங்கில நரம்பியல் மருத்துவர் தம் நோயாளிகளை வைத்து அதைச் சொல்லியிருந்தார். அவர் காலத்தில் புரோமைடு தவிரப் பெரிதாக மருந்து கிடையாது. அவரிடம் வந்தவர்களும் பெரும்பாலும் கடுமையான நோயாளிகள். கிண்ட்லிங், கவர்ஸின் பழைய கருத்துக்கு ஒரு புதிய ஆய்வகச் சான்றிதழ்போல ஆகிவிட்டது.

ஏற்பிகளில் கண்டவை

இத்துறையின் உண்மையான சாதனை ஏற்பிகளைப் பற்றியது. நரம்புச்செல்லின் மேற்பரப்பில் இருந்துகொண்டு, அடுத்த செல் அனுப்பும் வேதிப்பொருளைப் பெற்றுக்கொள்ளும் புரதங்களே ஏற்பிகள். குளூட்டமேட் ஏற்பிகள் செல்லைக் கிளர்த்துகின்றன. காபா ஏற்பிகள் அடக்குகின்றன. வலிப்பு என்றால் கிளர்ச்சி மிகுந்திருக்கும், அடக்கம் குறைந்திருக்கும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பார்கள்.

முதல் பாதி எதிர்பார்த்தபடியே வந்தது. ஹிப்போகாம்பஸ் பகுதியில் பல்லுரு மடிப்பு என்று ஓரிடம் உண்டு. அங்குள்ள சிறுமணிச் செல்களில் சாதாரண நரம்புச் செய்திகளுக்கு என்எம்டிஏ வகை குளூட்டமேட் ஏற்பிகள் அதிகம் பங்கெடுப்பதில்லை. மக்னீசியம் அயனி அவற்றின் வாயை அடைத்துக்கொண்டிருக்கும். கிண்ட்லிங் செய்த எலிகளில் இந்த ஏற்பிகள் சாதாரணச் செய்திகளிலும் பங்கெடுக்கத் தொடங்கியதை 1987-இல் இஸ்த்வான் மோடியும் உவே ஹைனமனும் நேச்சர் இதழில் காட்டினார்கள். பின்னர் ஒற்றை ஏற்பி அளவில் பார்த்தபோது, அது திறந்திருக்கும் நேரம் நீண்டிருந்தது. மக்னீசியத்தின் பிடியும் தளர்ந்திருந்தது. இது கடைசித் தூண்டலுக்கு வெகுநாள் கழித்தும் நிலைத்திருந்த மாற்றம்.

இரண்டாம் பாதிதான் எல்லோரையும் குழப்பியது. அதே செல்களில் காபா-ஏ ஏற்பிகள் குறையவில்லை, கூடியிருந்தன. சோல்தான் நுஸ்ஸர் குழு 1998-இல் வெளியிட்ட ஆய்வில், நரம்பிணைப்பு ஒன்றில் உள்ள காபா-ஏ ஏற்பிகளின் எண்ணிக்கை ஏறத்தாழ முக்கால் பங்கு அதிகரித்திருந்தது. அடக்கும் ஏற்பி அதிகமான மூளை எப்படி வலிப்புக்கு ஆளாகிறது? இதற்கு 1996-இல் பூல், ஓட்டிஸ், மோடி மூவரும் ஒரு விடை தந்திருந்தார்கள். புதிதாகச் சேரும் ஏற்பிகள் துத்தநாகத்துக்கு எளிதில் பணிந்துவிடும் வகை. வலிப்பின்போது அருகிலுள்ள நரம்பிழைகள் துத்தநாகத்தை வெளியேற்றினால், கூடுதலாக இருந்த அடக்கம் முழுதும் சரிந்துவிடும். மிகவும் நேர்த்தியான விடை. ஆனால் நரம்பிழைகள் உண்மையில் வெளியிடும் துத்தநாகம் அதற்குப் போதுமா என்ற ஐயத்தைப் பின்வந்த ஆய்வுகள் எழுப்பின. அந்த விவாதம் பாடப்புத்தகச் சுருக்கங்களில் இடம்பெறுவதே இல்லை.

இதிலிருந்து கிடைக்கும் பாடம் ஒன்று உண்டு. ஏற்பியின் எண்ணிக்கை கூடியது அல்லது குறைந்தது என்பதை மட்டும் வைத்து அது நோயின் காரணமா, நோய்க்கு எதிராக மூளை செய்துகொண்ட தற்காப்பா என்று சொல்ல முடியாது. காபா-ஏ ஏற்பி கூடியதை மூளை தன்னைக் காத்துக்கொள்ளும் முயற்சி என்றும் படிக்கலாம். "வலிப்பு மூளையைக் கெடுக்கிறது" என்று ஒரே திசையில் மட்டும் சொல்லும் கதையில் இந்தக் கண்டுபிடிப்புக்கு இடமில்லை.

எலி மாதிரிக்கு உரிய பெருமையையும் மறுக்கக்கூடாது. என்எம்டிஏ ஏற்பியை அடைக்கும் மருந்துகள் வலிப்பை நிறுத்தும் என்று 1980-களில் பெரிய எதிர்பார்ப்பு இருந்தது. ஆரோக்கியமான எலிகள் அந்த மருந்துகளை ஓரளவு தாங்கிக்கொண்டன. கிண்ட்லிங் செய்த எலிகளோ தடுமாறி, பித்துப்பிடித்ததுபோல் நடந்துகொண்டன. ஜெர்மனியில் வொல்ஃப்காங் லோஷரும் ஹோனாக்கும் 1991-இல் இதைச் சுட்டிக்காட்டினார்கள். அவ்வகை மருந்தொன்றை எட்டு வலிப்பு நோயாளிகளிடம் சோதித்த ஆய்வு 1993-இல் வெளியானபோது, பக்கவிளைவு தாங்காமல் அனைவரும் நிறுத்தவேண்டியிருந்தது தெரியவந்தது. வலிப்பால் மாறிய மூளை மருந்துக்கும் வேறுவிதமாக எதிர்வினை செய்யும் என்பதை எலி முன்கூட்டியே சொல்லியிருந்தது. இன்று மாவட்ட மருத்துவமனைகள் வரை புழங்கும் லெவடிரசிடாம் மருந்தும் வழக்கமான சோதனைகளில் தோற்று, கிண்ட்லிங் செய்த எலிகளிடம்தான் தன் திறனைக் காட்டியது. மருந்து தேட இந்த எலி நல்ல துணை. நோயின் போக்கை முன்னறிந்து சொல்ல அது தகுதியானதா என்பது வேறு கேள்வி.

கொச்சி ஆய்வுகள்

தென்னிந்தியாவில் வலிப்புக்குப் பின்னான ஏற்பி மாற்றங்களைத் தொடர்ச்சியாக ஆராய்ந்த இடங்களில் ஒன்று கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். அங்கு சி. எஸ். பவுலோஸ் வழிநடத்திய குழு, பைலோகார்பின் என்ற வேதிப்பொருளால் எலிகளுக்கு வலிப்பு நோயை உண்டாக்கி, மூளையின் பல பகுதிகளில் குளூட்டமேட், செரோட்டோனின், காபா முதலிய ஏற்பிகளை அளந்தது. 2008-இல் வெளிவந்த ஆய்வு, ஹிப்போகாம்பஸில் என்எம்டிஏ ஏற்பியின் மரபணு வெளிப்பாடு குறைந்திருந்ததாகவும், நீர்ப்பிரமிச் சாறு கொடுத்தபோது அது மீண்டதாகவும் கூறியது. அடுத்த ஆண்டு வந்த ஆய்வு, ஒரு செரோட்டோனின் ஏற்பி கூடியிருந்ததையும் நீர்ப்பிரமி அதைத் தணித்ததையும் கூறியது.

மோடி குழுவின் என்எம்டிஏ வலுத்திருந்தது. கொச்சிக் குழுவின் என்எம்டிஏ குறைந்திருந்தது. ஒன்று சரி, மற்றது தவறு என்று இதைப் புரிந்துகொள்வது பிழை. மோடி குழு ஒற்றைச் செல்லில் ஏற்பியின் செயலை அளந்தது. கொச்சிக் குழு ஒரு பகுதி முழுவதையும் அரைத்து, அதில் ஏற்பியின் மொத்த அளவைப் பார்த்தது. பைலோகார்பின் உண்டாக்குவது சின்னச் சின்ன வலிப்புகளின் தொடர் அல்ல. ஓயாத நீண்ட வலிப்பு. அதில் ஹிப்போகாம்பஸின் பல செல்கள் இறந்தே போகின்றன. செல்லே இல்லாத இடத்தில் ஏற்பியும் குறைவாகத்தான் இருக்கும். எஞ்சிய செல்லில் ஏற்பி கூடியதா குறைந்ததா என்பதை அரைத்த கலவை சொல்லாது. 1998-இல் ஏமி புரூக்ஸ்-கேயல் குழு பைலோகார்பின் எலிகளிலேயே ஒற்றைச் செல்களை எடுத்து காபா-ஏ ஏற்பித் துணையலகுகளின் வெளிப்பாடு மாறியிருப்பதைக் காட்டியது. அத்தகைய அளவீட்டோடு இணைத்துப் படித்தால்தான் கொச்சி முடிவுகளுக்கு முழுப்பொருள் கிடைக்கும்.

நீர்ப்பிரமி பற்றிய பகுதியைப் படிக்கும்போது இன்னும் எச்சரிக்கை தேவை. ஒரு ஏற்பியின் அளவு பழைய நிலைக்குத் திரும்புவதும் வலிப்பு நிற்பதும் ஒன்றல்ல. கண்மாய்க் கரையிலும் வரப்பிலும் முளைக்கும் மூலிகை என்பதால் இச்செய்தி தமிழில் வேகமாகப் பரவக்கூடியது. எலியின் ஏற்பி எண்ணிக்கையை நம்பி ஒருவர் பினோபார்பிட்டாலைத் திடீரென நிறுத்தினால், விளைவு ஓயாத வலிப்பாகக்கூட இருக்கலாம்.

பெங்களூரின் வெந்நீர் எலிகள்

கிண்ட்லிங் கோட்பாட்டைத் தென்னிந்திய வாழ்க்கையோடு நேரடியாகச் சந்திக்கவைத்த ஆய்வு பெங்களூருவிலிருந்து வந்தது. தலையில் வெந்நீர் ஊற்றிக் குளிக்கும்போது மட்டும் சிலருக்கு வலிப்பு வரும். இதற்கு வெந்நீர் வலிப்பு என்று பெயர். 1945-இல் நியூசிலாந்திலிருந்து முதல் குறிப்பு வந்தாலும், பெருந்தொகையான நோயாளிகள் பதிவானது தென்னிந்தியாவில், குறிப்பாகக் கர்நாடகத்தின் தென்பகுதியில். கே. எஸ். மணி 1960-களின் இறுதியிலிருந்து இதைப் பதிவுசெய்தார். நிம்ஹான்ஸ் நிறுவனத்தின் பி. சதீஷ்சந்திரா குழு 1988-இல் 279 பேரைப் பற்றிய தொகுப்பை வெளியிட்டது. நோயாளிகளில் ஆண்கள் அதிகம். பெரும்பாலோர்க்குச் சிறுவயதில் தொடங்குகிறது.

வழக்கம் இங்கும் அதேதான். அருப்புக்கோட்டைப் பக்கத்து வீடுகளில் வெந்நீர் அடுப்பில் சீமைக்கருவேல விறகை எரித்து, அண்டாவில் நீரைக் காயவைத்து, எண்ணெய் தேய்த்த தலையில் சொம்பு சொம்பாக ஊற்றுவார்கள். தொட்டியில் அமிழ்ந்து குளிக்கும் நாடுகளில் தலைக்கு இவ்வளவு வேகமாகச் சூடு ஏறுவதில்லை. பெங்களூரு மருத்துவர்களும் இந்தக் குளிக்கும் முறையையே நோயின் தூண்டுகோலாகக் கருதினார்கள்.

நோயின் தொடக்கத்தில் வெந்நீரில் மட்டும் வலிப்பு வந்தவர்களில் கணிசமான பகுதியினருக்குப் பின்னாளில் குளியல் இல்லாமலும் வலிப்பு வருகிறது. மூளை மெல்ல மெல்லப் பழகுவதற்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைக்காது என்று தோன்றுவது இயல்பு. எலிகளை மீண்டும் மீண்டும் வெந்நீருக்கு உட்படுத்தினால் வலிப்பு வளர்வதைக் கிளாவன்பெர்க், ஸ்பார்பர் இருவரும் 1984-இல் காட்டியிருந்தார்கள். உள்ளால், சதீஷ்சந்திரா, எஸ். கே. சங்கர் ஆகியோரின் குழு 1996-இல் எலியின் தலையில் வெந்நீர் பாய்ச்சும் மாதிரியை உருவாக்கியது. 2006-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் அதன் அடுத்த கட்டத்தை வெளியிட்டது: வெந்நீர் வலிப்புகள் திரும்பத் திரும்ப வந்தபோது எலிகளுக்கு வலிப்பின் வாசல் தாழ்ந்தது, கடுமை கூடியது, ஹிப்போகாம்பஸில் பாசியிழைகள் புதிதாகக் கிளைத்தன.

உள்ளூர்க் கேள்விக்கு உள்ளூரிலேயே விடை தேடிய நல்ல ஆய்வு இது. வெளிநாட்டு மாதிரியை வாங்கிவந்து ஒட்டியதல்ல. இருந்தும் இடைவெளிகள் இருக்கின்றன. எலிக்கு வலிப்பு வரும்போது அதன் உடல் வெப்பம் முழுவதுமே கடுங்காய்ச்சல் அளவுக்கு ஏறியிருக்கிறது. மனிதன் குளிக்கும் சில நிமிடங்களில் உடலின் உள்வெப்பம் அப்படி ஏறுவதில்லை. தலைத்தோலில் படும் திடீர்ச் சூடுதான் கிளப்புகிறது. ஆகவே எலி மாதிரி, குழந்தைகளின் காய்ச்சல் வலிப்புக்கு அருகிலும் வெந்நீர் வலிப்புக்குச் சற்றுத் தள்ளியும் நிற்கிறது. அதோடு, ஒரே அண்டாத் தண்ணீரில் குளிக்கும் வீட்டில் ஒருவர் மட்டும் விழுவதற்குப் பழக்கம் காரணமாக முடியாது. அனுரஞ்சன் ஆனந்த் குழு 2009-இல் வெந்நீர் வலிப்புள்ள தென்னிந்தியக் குடும்பங்களில் 4-ஆம், 10-ஆம் குரோமோசோம்களில் மரபுத் தொடர்புடைய இடங்களை அடையாளம் கண்டது. பின்னாளில் தானாக வலிப்பு வருகிறவர்களுக்கு அது பல குளியல்களின் சேர்மானமா, அல்லது தொடக்கத்திலேயே இருந்த மரபியல்பு வயதோடு வெளிப்படுவதா என்பதைக் குளியல் எண்ணிக்கையை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது.

எளந்தூரும் நகுருவும்

இனி மனிதர்களின் எண்கள். தமிழக எல்லையை ஒட்டிய சாமராஜநகர் மாவட்டத்தில் உள்ளது எளந்தூர். மணியும் அவரது தோழர்களும் 1990-களின் தொடக்கத்தில் அங்கு ஏறத்தாழ 65,000 மக்களிடையே வீடு வீடாகச் சென்று வலிப்பு நோயாளிகளைக் கண்டறிந்தனர். பினோபார்பிட்டால், பெனிட்டாயின் ஆகிய மலிவான மாத்திரைகளை மட்டும் கொடுத்து 135 பேரை ஐந்தாண்டுகள் பின்தொடர்ந்தனர். 2001-இல் லான்செட் இதழில் முடிவு வெளியானது. பெரும்பாலோர்க்கு நோய் கட்டுக்குள் வந்தது. ஆனால் அதுவரை வாழ்நாளில் 30-க்கும் குறைவான பெருவலிப்புகள் கண்டவர்கள், அதற்கு மேல் கண்டவர்களைவிட நன்றாகத் தேறினார்கள்.

இந்த ஒரு வரியை எடுத்துக்கொண்டால் கிண்ட்லிங் கோட்பாடு கிராமத்தில் உறுதிப்பட்டதுபோலத் தெரியும். கென்யாவின் நகுரு பகுதியில் ஃபெக்சி குழு நடத்தி 1991-இல் அதே லான்செட்டில் வெளியிட்ட ஆய்வு வேறு மாதிரி சொன்னது. அங்கு சிகிச்சை தொடங்கிய 302 பேரில் பலர் ஆண்டுக்கணக்கில் மருந்தே காணாதவர்கள். ஓராண்டை நிறைவுசெய்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இரண்டாம் அரையாண்டில் வலிப்பின்றி இருந்தனர். நோய் எத்தனை ஆண்டு பழையது, அதுவரை எத்தனை வலிப்பு வந்தது என்பவை பலனைக் குறைக்கவில்லை.

இரண்டும் ஒன்றையொன்று பொய்யாக்கவில்லை. முப்பது பெருவலிப்பு கண்ட ஒருவரிடம் கேட்கவேண்டிய கேள்வி: அந்த முப்பதும் சேர்ந்து மூளையை மாற்றினவா, அல்லது மூளை ஏற்கெனவே கடுமையாகப் பாதிக்கப்பட்டிருந்ததால் முப்பது வந்தனவா? கடும் மழைக்காலத்தில் கண்மாய் பலமுறை உடைந்தால், முதல் உடைப்பு அடுத்ததற்குக் காரணம் என்றும் சொல்லலாம். கரையே பலவீனம் என்றும் சொல்லலாம். உடைப்புகளை எண்ணுவதால் மட்டும் இது தீராது. தீர்க்க ஒரே வழி, சிலருக்கு உடனே மருந்து கொடுத்து, சிலருக்குத் தள்ளிவைத்து, குலுக்கல் முறையில் ஒப்பிடுவது. பிரிட்டனை மையமாகக் கொண்டு 1,443 பேரிடம் நடத்தப்பட்ட அத்தகைய ஆய்வு 2005-இல் வெளிவந்தது. உடனே மருந்து தொடங்கியவர்களுக்கு முதல் ஆண்டுகளில் வலிப்பு குறைவாக வந்தது. ஆனால் மூன்றாம் ஆண்டு முதல் ஐந்தாம் ஆண்டு வரை வலிப்பில்லாமல் இருந்தவர்கள் ஒரு பிரிவில் 76 விழுக்காடு, மறு பிரிவில் 77 விழுக்காடு. இடையில் வந்த கூடுதல் வலிப்புகள் நோயின் நெடும்போக்கை மாற்றவில்லை. இதற்கும் எல்லை உண்டு: அவர்கள் ஒன்றிரண்டு அல்லது சில வலிப்புகளோடு வந்தவர்கள், பத்தாண்டு மருந்தில்லாமல் இருந்தவர்கள் அல்லர். நெடுங்காலம் மருந்தில்லாதவர்களைப் பற்றிப் பேச நகுருவும் எளந்தூருமே நெருங்கிய சான்றுகள்.

மற்றொரு பெரிய வேறுபாடும் கணக்கில் வரவேண்டும். கோடார்டின் எலி, மின்முனை போனதைத் தவிர மற்றபடி நல்ல மூளையோடு தொடங்கியது. தமிழகத்தின் வலிப்பு நோயாளி அப்படித் தொடங்குவதில்லை. வேலூர் மாவட்டத்தில் ராஜசேகர் குழு 50,000-க்கும் மேற்பட்டோரிடம் நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வில், நடப்பு வலிப்பு நோயில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்குப் பன்றி நாடாப்புழுவின் இளம்புழுப் பை மூளையில் தங்கியதே காரணமாக இருந்தது. திறந்தவெளி மலம், மேயும் பன்றி, கழுவாத கீரை, கை கழுவாத சமையல் வழியாக வரும் நோய் அது. அந்தப் பை கரைந்து மறைந்தபின் பலருக்கு வலிப்பும் நின்றுவிடுகிறது. சுண்ணாம்புக் கட்டியாக நின்றுவிட்டவர்களுக்குத் தொடர்கிறது. அங்கே நோயின் போக்கைத் தீர்மானிப்பது பெரிதும் அந்த வடுதான். மேலைநாட்டு ஆய்வகத்தின் கிண்ட்லிங் எலி இந்த நோயாளிக்கு மாதிரி என்று சொல்வதற்குமுன் இரண்டு முறை யோசிக்கவேண்டும்.

திருச்சுழி வரை

மேற்கண்டவற்றைக் கூட்டிப் பார்த்தால், "விட்டுவிட்டீர்கள், மூளை பழகிவிட்டது" என்ற பேச்சுக்கு எலியிலும் முழு ஆதாரமில்லை, மனிதரிலும் இல்லை. ஏற்பி மாற்றம் உண்மை, நெடுநாள் நிலைப்பதும் உண்மை. ஆனால் அந்த மாற்றம் மருந்துக்குக் கட்டுப்படாது என்று ஏற்பி ஆய்வு எதுவும் சொல்லவில்லை. கிண்ட்லிங் எலியே பினோபார்பிட்டாலுக்குக் கட்டுப்படுகிறது. பத்தாண்டு தாமதமாக வந்தவருக்கும் அதே மலிவு மாத்திரையில் தேறும் வாய்ப்பு கணிசமாக இருக்கிறது.

சீக்கிரம் மருந்து தொடங்கவேண்டும் என்பதற்கு ஏற்பிகளைத் துணைக்கு அழைக்கத் தேவையுமில்லை. கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு, தரையோடு எரியும் விறகடுப்பு, நூற்பாலையின் இரவு வேலை, தறிமேடை, தனியே ஆடு மேய்க்கும் கண்மாய்ப் பள்ளம் ஆகியவை ஒரே ஒரு வலிப்பில் உயிரை எடுக்கவல்லவை. தூக்கமின்மை வலிப்பைக் கிளப்பும் என்பது எல்லா மருத்துவரும் அறிந்தது; இரண்டாம் ஷிப்டும் மூன்றாம் ஷிப்டும் மாறி மாறிப் பார்க்கும் தொழிலாளியிடம் மாத்திரையோடு சேர்த்துச் சொல்லவேண்டியது அதைத்தான். பெண்ணாக இருந்தால் நோயை மறைத்துக் கல்யாணம் நடக்கிறது; புகுந்த வீட்டில் மாத்திரை தெரியக்கூடாது என்று நிறுத்தப்படுகிறது. திருமணச் சட்டங்களில் வலிப்பு நோய் ஒரு தடையாக இருந்தது 1999-இல் நீக்கப்பட்டுவிட்டது. வீடுகளில் அந்தத் தடை நீங்கவில்லை.

மாத்திரை எங்கே கிடைக்கிறது என்பதும் ஏற்பியைவிடப் பெரிய காரணம். திருச்சுழிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து நரம்பியல் மருத்துவரைப் பார்க்க நெடுங்காலம் மதுரைக்குத்தான் போகவேண்டியிருந்தது. அருப்புக்கோட்டையிலிருந்தே அது ஏறத்தாழ 50 கிலோமீட்டர். ஒரு நாள் கூலியும் பேருந்துக் கட்டணமும் போகும். விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022-இல் வந்தபின் தூரம் குறைந்திருக்கிறது. ஆனால் மாதம்தோறும் மாத்திரை வாங்கத் தூரம் என்பது இன்னும் ஒரு கேள்விதான். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. வலிப்பு மாத்திரையும் அவற்றைப்போலவே தினமும் தவறாமல் விழுங்கவேண்டிய, விலை குறைந்த மாத்திரை. எளந்தூரில் ஐந்தாண்டு பலன் கிடைத்ததற்கு மருந்தின் வேதியியல் பாதிக் காரணம். வீடு தேடிச் சென்று, திரும்பத் திரும்பப் பார்த்தது மறுபாதி.

வெந்நீர் வலிப்பில் மட்டும் கிண்ட்லிங் கோட்பாடு செயலுக்கு உதவும் ஒரு வழியைக் காட்டுகிறது. நீரின் சூட்டைக் குறைப்பது, தலையில் ஊற்றாமல் ஈரத்துணியால் துடைப்பது, தலைக்குக் குளிப்பதற்கு ஒன்று அல்லது ஒன்றரை மணி நேரம் முன்பு குளோபசாம் மாத்திரை எடுத்துக்கொள்வது ஆகியவை பலருக்கு வலிப்பை நிறுத்துகின்றன. கோட்பாடு சரியானால், சிறுவயதிலேயே இப்படி நிறுத்தியவர்களுக்குப் பின்னாளில் தானாக வரும் வலிப்பும் குறையவேண்டும். மரபியல்புதான் காரணமானால் குறையாது. எலியை வெட்டிப் பார்க்காமலேயே, சனிக்கிழமை எண்ணெய்க் குளியலைப் பத்தாண்டு கவனித்து விடை காணக்கூடிய கேள்வி இது.